உருகிய பிறகு பிணைப்பு எங்கே போகிறது?

செந்தூலிலிருந்து நீங்கள் கேட்டிருந்தது இது: "என் மகள் ஆறாம் படிவத்தில் வேதியியல் படிக்கிறாள். திடப்பொருளுக்கு வரிசையாக அடுக்கிய பந்துகள், திரவத்துக்குக் கலைத்துப்போட்ட பந்துகள் என்று புத்தகத்தில் படம் இருக்கிறது. தண்ணீருக்கும் உருகிய ஈயத்துக்கும் உருகிய உப்புக்கும் ஒரே படம்தானா, உருகும்போது பிணைப்பு உடைந்துவிட்டால் ஒரு திரவத்துக்கும் இன்னொன்றுக்கும் உள்ளே என்ன வித்தியாசம் என்று கேட்கிறாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை."

இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. உருகுவது என்றால் பிணைப்பு உடைவதா என்பது ஒன்று. வரிசை குலைந்த பிறகும் பிணைப்பின் குணம் அணுக்கள் நிற்கும் விதத்தில் தெரியுமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு என் பதில், பெரும்பாலும் உடைவதில்லை. இரண்டாவதற்கு, தெரியும், அதுவும் மிகத் தெளிவாகத் தெரியும். உங்கள் மகள் நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறாள். நான் பினாங்கில் வேதியியல் படித்தவன். பாயான் லெப்பாசில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் 27 ஆண்டுகள் சால்டர் தொட்டியோடு, அதாவது பாகங்களைப் பலகையில் பற்றவைக்கும் உருகிய உலோகக் கலவையோடு, வேலை பார்த்தேன். உருகிய உலோகம் எனக்குக் கைப்பழக்கம். மற்றத் திரவங்களைப் பற்றிச் சொல்லப்போவது படித்து அறிந்தது. திரவத்தின் உள்ளமைப்பை அளக்கும் நியூட்ரான் கருவியின் முன் நான் நின்றதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் கேள்வியைக் கணக்கு போட்டே தீர்த்துவிடலாம். ஒரு மோல் பனிக்கட்டியை (மோல் என்பது துகள்களை எண்ணும் அலகு; இங்கே 18 கிராம்) உருக்க ஏறத்தாழ 6 கிலோஜூல் போதும். அதே பனிக்கட்டியிலிருந்து மூலக்கூறுகளை ஒன்றையொன்று பார்க்காத தூரத்துக்கு, அதாவது ஆவியாக, பிரித்தெடுக்க 51 கிலோஜூல் வேண்டும். ஆக, உருகும்போது செலவானது மொத்தத்தில் எட்டில் ஒரு பங்குதான். மீதி முழுவதும் தண்ணீருக்குள்ளேயே இருக்கிறது. தண்ணீர் மூலக்கூறுக்கு உள்ளே ஆக்ஸிஜனையும் ஹைட்ரஜனையும் கட்டிவைத்திருக்கும் சகப்பிணைப்பை, அதாவது எலக்ட்ரானைப் பகிர்ந்துகொள்ளும் பிணைப்பை, இந்தச் சமாசாரம் தொடவே இல்லை. அது 460 கிலோஜூலை ஒட்டிய வேறு கணக்கு. வெள்ளீயத்தில் இன்னும் துலக்கமாகத் தெரியும். (நம் ஊரில் வெறுமனே ஈயம் என்று சொல்வது வெள்ளீயத்தைத்தான், காரீயம் வேறு.) உருக்க 7 கிலோஜூல், ஆவியாக்க 290க்கு மேல். நாற்பதில் ஒரு பங்கு கொடுத்தாலே கட்டி தொட்டியில் ஓடத் தொடங்கிவிடுகிறது. 232 டிகிரி செல்சியஸில் உருகும் அந்த உலோகம் கொதிக்க 2,600 டிகிரி வரை போக வேண்டியிருப்பதும் இதனால்தான். உருகிய வெள்ளீயத்தில் பிணைப்பு ஏறக்குறைய முழுசாக இருக்கிறது. போனது வரிசை.

வரிசை போனால் எல்லாம் போயிற்றா? தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் சாலையை மேலிருந்து படம் எடுத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். பள்ளிச் சபைகூடலில் நிற்பதுபோல் யாரும் வரிசையில் இல்லை. இந்த மூலையில் நிற்பவரை வைத்துக்கொண்டு நூறு கஜத்துக்கு அப்பால் ஒருவர் எங்கே நிற்பார் என்று சொல்ல முடியாது. ஆனால் பக்கத்தில் நிற்பவரைப் பற்றிச் சொல்ல முடியும். தோளுக்குத் தோள் என்ற தூரத்தைவிட நெருங்கி யாரும் நிற்க முடியாது. கைக்குழந்தையோடு வந்த தம்பதி கைகோத்தே நகர்வார்கள். காவடி எடுத்தவரைச் சுற்றி ஒரு வட்டம் இருக்கும், அந்த வட்டத்தின் விளிம்பில் அவர் வீட்டார் இருப்பார்கள். கூட்டம் நகர்ந்துகொண்டே இருக்கிறது, ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், ஆனாலும் எப்போது படம் எடுத்தாலும் இந்த அண்டை அமைப்பு இருக்கும். திரவமும் இப்படித்தான். தூரத்து ஒழுங்கு கிடையாது. அண்மை ஒழுங்கு உண்டு. அந்த அண்மை ஒழுங்கை எழுதுவது பிணைப்பு.

இது கற்பனையல்ல, அளந்து பார்த்தது. 1916இல் டெபை, ஷெரர் என்ற இரு இயற்பியலாளர்கள் திரவங்களின் வழியே ஊடுகதிரைச் (எக்ஸ்-ரே) செலுத்தியபோது படிகத்தில் வருவதுபோல் கூர்மையான புள்ளிகளும் கோடுகளும் வரவில்லை, ஆனால் மங்கலான ஒரு வளையம் வந்தது. உள்ளே எந்த ஒழுங்கும் இல்லையென்றால் அந்த வளையம் வர நியாயமில்லை. இதைக் கணிதமாக ஆரம்பத்திலேயே எடுத்துப் பேசியவர்களில் இரண்டு பேர் நம்மவர்கள் என்பதை உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள். திருச்சிக்காரரான சி.வி. ராமனும், பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்த கே.ஆர். ராமநாதனும் 1923இல் கல்கத்தாவிலிருந்து திரவங்களில் ஊடுகதிர் சிதறுவதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். ராமன் என்றால் 1928இன் ஒளிச் சிதறல்தான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே அவர் திரவத்தின் உள்ளமைப்பை யோசித்துக்கொண்டிருந்தார். 1927இல் செர்னிக்கேயும் பிரின்ஸும் சிதறல் வளையத்திலிருந்து அணுக்களின் இடைத்தூரத்தைக் கணக்கிடும் வழியைக் காட்டினார்கள். அதன்படி ஒரு வளைகோடு கிடைக்கும். ஏதாவது ஓர் அணுவின் மேல் உட்கார்ந்துகொண்டு, எவ்வளவு தூரத்தில் எத்தனை அணுக்கள் என்று எண்ணினால் வரும் கோடு அது. முதலில் வெறுமை, பிறகு ஓங்கிய ஒரு சிகரம், அது முதல் வட்ட அண்டை வீட்டார். அப்புறம் ஒரு பள்ளம், சற்றுத் தாழ்ந்த இரண்டாம் சிகரம், மூன்றாவது இன்னும் மங்கல், அதன் பிறகு சமதளம். முதல் சிகரத்தின் தூரம், அதற்குள் அடங்கிய அணுக்களின் எண்ணிக்கை, இரண்டாம் சிகரம் நிற்கும் இடம் ஆகிய மூன்றையும் சொன்னாலே போதும், எந்த வகைப் பிணைப்பு என்று அனுபவமுள்ளவர் ஊகித்துவிடுவார்.

திசையறியாத பிணைப்பிலிருந்து தொடங்குவோம். திரவ ஆர்கானில் அணுக்களுக்குள் இருப்பது மெல்லிய வான்டெர்வால்ஸ் ஈர்ப்பு மட்டும். அதற்கு இடம், வலம் கிடையாது. எவ்வளவு பேரைச் சேர்க்க முடியுமோ அவ்வளவு பேரையும் சேர்த்துக்கொள்ளும். ஆகவே திடநிலையில் 12 அண்டை அணுக்கள், திரவத்தில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. இரண்டாம் சிகரம் முதல் சிகரத்தின் தூரத்தைப்போல் ஏறத்தாழ 1.9 மடங்கில் வரும். பெர்னால் என்ற அறிஞர் இந்த வகைத் திரவத்தின் மாதிரியைப் பந்துகளையும் குச்சிகளையும் கொண்டு தம் அலுவலகத்திலேயே கட்டினார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை யாராவது வந்து இடைமறிப்பார்கள், முன்பு என்ன வைத்தோம் என்ற நினைவில்லாமல் அடுத்ததை வைப்பேன், ஒழுங்கு வந்துவிடாமலிருக்க அது உதவியது என்று அவரே தம் சொற்பொழிவில் சொல்லியிருக்கிறார். வரிசையாக அடுக்கினால் பந்துகள் இடத்தில் 74 விழுக்காட்டை நிரப்பும். கலைத்துக் கொட்டினால் 64 விழுக்காட்டோடு நின்றுவிடும். எளிய திரவத்தின் கதை பெரும்பாலும் இந்த இரண்டு எண்களின் வித்தியாசத்தில் இருக்கிறது. பாடநூல் படம் உண்மையில் பொருந்துவது இந்த இனத்துக்கு மட்டும்தான்.

சாதாரண உலோகங்களும் ஏறக்குறைய இதே சாதி. எலக்ட்ரான்கள் பொதுச் சொத்தாகிவிட்டதால் அணுவுக்கு இன்ன திசையில்தான் கை நீட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உருகிய காரீயத்தில் 11, 12 என்ற அளவில் அண்டைகள். கருவியில் நேராகக் கிடைக்கும் சிதறல் கோட்டின் முதல் சிகரம் இரு பக்கமும் சமமாகச் சரியும். இங்கே இன்னொரு தமிழரைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வராது. வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன், பாட்டியாவோடு சேர்ந்து 1945இல் ஒரு சிறு கட்டுரை எழுதினார். உருகிய உலோகத்தில் மின்தடை ஏன் அவ்வளவு இருக்கிறது என்பதை, ஊடுகதிர் சிதறல் காட்டும் அந்த அணு அமைப்பிலிருந்தே கணக்கிடலாம் என்று காட்டினார்கள். எலக்ட்ரானும் அலைதானே, ஊடுகதிரைப்போல் அதுவும் அந்த அமைப்பில் மோதிச் சிதறுகிறது. 1961இல் ஸைமன் இதே எண்ணத்தை விரித்தெழுதியபோதுதான் உலகம் கவனித்தது. கிருஷ்ணனுக்கு உரிய பெயர் இந்த இடத்தில் இன்னும் போதிய அளவு சொல்லப்படவில்லை என்பது என் கருத்து.

இப்போது உங்கள் மகளைத் தனிம அட்டவணையின் 14ஆம் தொகுதியை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிணைப்பு அமைப்பை எழுதுகிறது என்பதை ஒரே பத்தியில் காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. திட சிலிக்கனில் ஒவ்வோர் அணுவும் நான்கு கைகளை நான்முகியின் (நான்கு முக்கோணப் பக்கங்கள் கொண்ட வடிவம்) மூலைகளை நோக்கி நீட்டி நான்கு பேரைப் பிடித்திருக்கிறது. திசை பிசகாத சகப்பிணைப்பு; அதனால் உள்ளே நிறைய காலியிடம். 1,414 டிகிரியில் உருகும்போது இங்கே பிணைப்பே குணம் மாறுகிறது. எலக்ட்ரான்கள் கட்டவிழ்ந்து பொதுவாகின்றன, குறைக்கடத்தி உலோகமாகிறது, காலியிடம் சரிந்து அடர்த்தி ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுகிறது. திட சிலிக்கன் தன் உருகலின் மேல் பனிக்கட்டிபோல் மிதக்கும். ஆனால் அண்டை எண்ணிக்கை 12க்குத் தாவுவதில்லை, 6ஐ ஒட்டியே நிற்கிறது. பாதிப் பழக்கம் விட்டது, பாதி விடவில்லை. ஜெர்மேனியமும் அப்படித்தான். கீழே வெள்ளீயத்துக்கு இறங்கினால் எண்ணிக்கை 10ஐ ஒட்டி வருகிறது, காரீயத்துக்கு வந்தால் இன்னும் மேலே. மேலிருந்து கீழே போகப் போக அணு பெரிதாகிறது, திசைபிடித்த பிணைப்பின் பிடி தளர்கிறது, திரவம் பந்துக் குவியலை நோக்கி நகர்கிறது. வெள்ளீயம் நடுவில் நின்று இரு பக்கமும் பார்க்கும் உலோகம். 13 டிகிரிக்குக் கீழே அது சிலிக்கனைப்போல் நான்கு கை கொண்ட சாம்பல் நிறப் படிகமாகவும் மாறக்கூடியது. உருகிய வெள்ளீயத்தின் சிதறல் கோட்டில் முதல் சிகரத்தின் வலப்பக்கம் தோள்போல் ஒரு சிறு புடைப்பு உண்டு; காரீயத்தில் அது இல்லை. தொட்டியில் பார்த்தால் இரண்டும் ஒரே வெள்ளிக் குளம். அதனதன் திடக் கட்டியைப் போட்டால் இரண்டிலும் மூழ்கும். உள்ளே இருக்கும் அந்தச் சிறு தோளைக் கண் காட்டாது.

காலியம் என்ற உலோகத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன், ஏனென்றால் அது 29.8 டிகிரியில் உருகும், பினாங்கின் வழக்கமான ஒரு பிற்பகலில் மேசைமேலேயே திரவமாகிவிடும். திடநிலையில் ஒவ்வோர் அணுவுக்கும் 2.44 ஆங்ஸ்ட்ராம் (சென்டிமீட்டரின் பத்துக் கோடியில் ஒரு பங்கு ஓர் ஆங்ஸ்ட்ராம்) தூரத்தில் ஒரே ஒரு நெருங்கிய துணை, மற்ற ஆறும் 2.7க்கும் 2.8க்கும் நடுவில். உலோகத்துக்குள் சோடி சோடியாகக் குடித்தனம். உருகியதும் அண்டைகள் பத்துக்கு மேல் பெருகுகிறார்கள், பருமன் ஏறத்தாழ 3 விழுக்காடு சுருங்குகிறது.

தண்ணீருக்கு வருவோம். ஒவ்வொரு மூலக்கூறும் தன் இரண்டு ஹைட்ரஜனால் இரண்டு அண்டைகளைத் தொடலாம், தன் ஆக்ஸிஜனால் இரண்டு பேரை ஏற்கலாம். ஆக நான்கு, அதுவும் நான்முகியின் திசைகளில். பனிக்கட்டியில் சரியாக 4. திரவத்தில் ஆக்ஸிஜனிலிருந்து ஆக்ஸிஜனுக்கு முதல் சிகரம் 2.8 ஆங்ஸ்ட்ராமில், எண்ணிக்கை நாலுக்குச் சற்று மேல். ஆர்கானைப்போல் 12 பேருக்கு இடம் இருந்தும் தண்ணீர் சேர்த்துக்கொள்வதில்லை. சாட்சி இரண்டாம் சிகரத்தில் இருக்கிறது. பந்துக் குவியலாக இருந்தால் அது 2.8இன் 1.9 மடங்கில், 5.3ஐ ஒட்டி வந்திருக்க வேண்டும். வந்தது 4.5இல். நான்முகியின் நடுவிலிருந்து மூலைக்குள்ள தூரம் 2.8 என்றால், மூலைக்கும் மூலைக்கும் 1.63 மடங்கு, பெருக்கிப் பாருங்கள், 4.56. உங்கள் மகளே காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். பிணைப்பின் கோணம் திரவத்துக்குள்ளும் உயிரோடிருக்கிறது என்பதற்கு இதைவிட எளிய கணக்கு இல்லை. ஒரு ஹைட்ரஜன் பிணைப்பு நீடிப்பது வினாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கை ஒட்டிய நேரம்தான். ஒன்று விடும், இன்னொன்று பிடிக்கும். தண்ணீர் ஓடுவதும் அதனால், ஓடியும் வடிவம் கெடாமலிருப்பதும் அதனால். பனிக்கட்டி உருகும்போது சில பிணைப்புகள் வளைந்து, சில விட்டுப்போய், நான்கு பேர் வட்டத்துக்குள் ஐந்தாமவர் இடித்து நுழைவதால் அடர்த்தி கூடுகிறது. மிதப்புக்குக் காரணம் அதுதான்.

மெத்தனாலில் பிடிக்க ஒரே ஒரு ஹைட்ரஜன். ஆகவே வலை இல்லை, கைகோத்த சங்கிலிகள்தான், ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ இரண்டு துணை. சமையல் எண்ணெயில் மூலக்கூறுகளுக்கு நடுவே ஹைட்ரஜன் பிணைப்பே இல்லை. நீண்ட வால்கள் ஒன்றன் பக்கம் ஒன்று சாய்ந்து கிடக்கின்றன, அவ்வளவுதான்.

உப்பு வேறு மாதிரி. எதிரெதிர் மின்னூட்டங்கள் ஈர்ப்பதால் வரும் அயனிப் பிணைப்புக்கும் திசை கிடையாது, ஆனால் யார் பக்கத்தில் யார் என்பதில் அது கறார். 801 டிகிரியில் உருகிய சோடியம் குளோரைடில் சோடியத்தைச் சுற்றி குளோரைடு, அதைச் சுற்றி மறுபடி சோடியம் என்று மின்னூட்டம் மாறி மாறிவரும் ஒழுங்கு அப்படியே இருக்கிறது. ஆச்சரியம் என்னவென்றால் பருமன் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு கூடியும், பக்கத்து அயனிகளின் தூரம் சற்றுக் குறைகிறது. எண்ணிக்கை 6இலிருந்து 4, 5 என்று குறைவதே காரணம். சிலர் வெளியேறினார்கள், மிச்சமிருப்பவர்கள் இன்னும் நெருங்கிக்கொண்டார்கள், நடுவில் வெற்றிடம் பெருகியது. இதைப் பிரித்துப் பார்ப்பது சுலபமல்ல. இரண்டு வகை அணு இருந்தால் சோடியம்-சோடியம், குளோரின்-குளோரின், சோடியம்-குளோரின் என்று மூன்று கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒரே கோடாகத் தெரியும். நியூட்ரான் அணுக்கருவில் சிதறுவதால், ஒரே தனிமத்தின் வெவ்வேறு ஐசோடோப்புகள் (நிறையில் மட்டும் வேறுபடும் வகைகள்) அதற்கு வெவ்வேறு பலத்தோடு தெரியும். ஐசோடோப்பை மட்டும் மாற்றி மூன்று முறை அளந்தால் மூன்று அறியாத கோடுகளுக்கு மூன்று சமன்பாடு. உப்புக்கு இதைச் செய்தது 1975இல், குளோரினின் ஐசோடோப்புகளை வைத்து.

ஆனால் இந்த முறையை 1966இல் எண்டர்பி, நார்த், எகல்ஸ்டாஃப் மூவரும் முதலில் செய்துகாட்டியது உருகிய செம்பு-வெள்ளீயக் கலவையில், ஆறு செம்புக்கு ஐந்து வெள்ளீயம் என்ற விகிதத்தில். இதைப் படித்த அன்று நான் எழுந்து நின்றுவிட்டேன். அந்த ஆறுக்கு ஐந்துதான் எங்கள் தொட்டியின் அன்றாடப் பிரச்சினை. சர்க்யூட் பலகைகளிலிருந்து செம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சால்டரில் கரையும். அளவு மீறினால் அதே விகிதத்தில் ஊசி ஊசியாகப் படிகம் விழும். காரீயம் கலந்த சால்டர் இருந்த காலத்தில் அந்த ஊசிகள் மேலே மிதக்கும், தொட்டியைச் சற்று ஆறவிட்டு வாரி எடுத்துவிடுவோம். காரீயத்தை நிறுத்திய பிறகு திரவத்தின் அடர்த்தி குறைந்துவிட்டதால் ஊசிகள் அடியில் தங்கி, பம்பின் இறக்கையில் சிக்கிக்கொள்ளும். ஒரு இரவு ஷிப்டில் ஓசை மாறியதைக் கவனிக்காமல் ஓட்டி ஒரு பம்ப் போனது. அடியைச் சுரண்டி எடுத்த அந்தச் சாம்பல் ஊசிகளில் கொஞ்சம் ஒரு குப்பியில் இன்னும் என்னிடம் இருக்கிறது.

பெயரளவில் அயனி என்று நாம் நினைப்பது உருகியதும் கட்சி மாறும் இடமும் உண்டு. அலுமினியம் குளோரைடு திடநிலையில் ஆறு குளோரின் சூழ்ந்த அடுக்குகளாக இருக்கும். அழுத்தத்தில் வைத்து 193 டிகிரி சுமாரில் உருக்கினால் அடுக்கு கலைந்து, இரண்டு அலுமினியமும் ஆறு குளோரினும் கொண்ட தனித்தனி மூலக்கூறுகளாகிவிடுகிறது. அண்டை எண்ணிக்கை 6இலிருந்து 4. பருமன் இரட்டிப்பை நெருங்குகிறது, மின்சாரம் ஏறக்குறைய கடத்துவதே இல்லை. பள்ளியில் இந்த இரட்டை மூலக்கூறை ஆவிநிலைக்கு மட்டும் சொல்லிக்கொடுக்கிறார்கள், திரவமே அப்படித்தான்.

எனக்கு மிகப் பிடித்தது கந்தகம். செபராங் பிறைத் தோட்டத்தில் பால்மரம் சீவிய குடும்பத்தில் பிறந்தவன் நான். அந்த ரப்பர் பின்னால் உறுதியாவது கந்தகம் அதன் நீண்ட இழைகளுக்கு நடுவே பாலம் போடுவதால்தான் என்று பள்ளியில் படித்தபோது அந்த மஞ்சள் பொடியின் மேல் வந்த ஈடுபாடு இன்றுவரை போகவில்லை. கந்தகத்துக்கு இரண்டு கை. எட்டு அணுக்கள் கைகோத்து வளையமாகும். 120 டிகிரிக்குள் உருகி, மெல்லிய மஞ்சள் எண்ணெயாக ஓடும். உள்ளே வளையங்கள் வளையங்களாகவே இருக்கின்றன, அவை ஒன்றையொன்று வழுக்கிப் போகின்றன. சூடாக்க ஆக்க எந்தத் திரவமும் இளகத்தானே வேண்டும்? கந்தகம் 159 டிகிரியைத் தாண்டியதும் திடீரென்று இறுகத் தொடங்குகிறது. வளையங்கள் வெட்டிக்கொண்டு, திறந்த முனைகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஆயிரக்கணக்கிலும் அதற்கு மேலும் அணுக்கள் கொண்ட நீண்ட சங்கிலிகளாகின்றன. பாகுத்தன்மை ஆயிரம் மடங்குக்கு மேல் ஏறி, 187 டிகிரியை ஒட்டி உச்சம் தொட்டு, நிறம் செங்கருமையாகிறது. அதற்கும் மேல் சூடாக்கினால் சங்கிலிகள் அறுந்து மறுபடி இளகும். சிறிது அயோடின் போட்டால் அது சங்கிலி முனைகளில் உட்கார்ந்து நீளவிடாது, பாகு தளர்ந்துவிடும். ஒரே தனிமம், அதே இரண்டு கை. யார் யாரைப் பிடிக்கிறார்கள் என்பது மாறியதும் தண்ணீர்போல் இருந்தது தார்போல் ஆகிறது. வீட்டில் இதைச் செய்து பார்க்க வேண்டாம். தீப்பற்றினால் வரும் கந்தக டைஆக்ஸைடு மூச்சை அடைக்கும். புகைப்பெட்டியுள்ள ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர் முன்னால் பார்க்க வேண்டியது.

இதுவரை சொன்னவை உறுதியானவை. இனி, அறிஞர்களே வாதிட்டுக்கொண்டிருக்கும் பகுதி. சிதறல் கோடு சொல்வது இரண்டிரண்டு அணுக்களின் தூரம், அதுவும் சராசரி. மூன்று அணுக்களுக்கு நடுவே என்ன கோணம் என்று அது நேராகச் சொல்வதில்லை. வேறு வேறு அமைப்புகள் ஒரே கோட்டைத் தர முடியும். தண்ணீரில் நான் 1.63 மடங்கு என்று காட்டியது வலுவான சாட்சி, ஆனால் சாட்சிதான், புகைப்படம் அல்ல. ஆகவே கணினியில் அணுக்களை ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். 1985இல் கார், பாரினெல்லோ இருவரும் எலக்ட்ரான்களின் குவாண்டம் கணக்கையே அணுக்களின் ஓட்டத்தோடு சேர்த்துப்போடும் வழியைத் தந்த பிறகு, சிலிக்கன் போன்ற திரவங்களில் பிணைப்பு எப்படி மாறுகிறது என்பதை நம்பத்தகுந்த விதத்தில் பேச முடிகிறது. அதுவும் போட்ட தோராயத்துக்கு உட்பட்டது.

வெள்ளீயத்தின் அந்தத் தோள் நான்கு கைப் பழக்கத்தின் மிச்சமா, உலோகத்தின் எலக்ட்ரான் கடலால் வரும் வேறு விளைவா என்பதில் இரு தரப்பு உண்டு. உருகிய காலியத்திலும் சோடிகள் கணநேரம் தோன்றி மறைகின்றனவா என்பது அதே வகை வாதம். தண்ணீர் விஷயம் இன்னும் பழையது. 1892இலேயே ரான்ட்ஜன், தண்ணீர் இரண்டு வகை அமைப்புகளின் கலவை என்று எழுதினார். 2004இல் ஒரு குழு, அறை வெப்பத்தில் பெரும்பாலான மூலக்கூறுகளுக்கு நான்கல்ல, இரண்டு வலுவான பிணைப்புகளே என்று சொல்லிப் பெரும் சண்டை மூண்டது. என் வாசிப்பில் நான்முகிக் கட்சியின் பக்கம்தான் சாட்சி கனமாக இருக்கிறது. உறைநிலைக்கு மிகவும் கீழே உறையாமல் வைத்த தண்ணீர், அடர்ந்தது, அடர்த்தி குறைந்தது என இரண்டு திரவங்களாகப் பிரியும் என்று 1992இல் கணினிக் கணக்கு சொன்னது. பிற்காலச் சோதனைகள் அதற்கு ஆதரவாக வருகின்றன. ஆனால் அந்த வெப்பநிலையில் தண்ணீர் கண்ணிமைக்கும் முன் உறைந்துவிடும் என்பதால் வழக்கு இன்னும் மூடப்படவில்லை. பாஸ்பரஸில் இதைப்போன்ற மாற்றம் 2000இல் நேராகவே காணப்பட்டது. பத்தாயிரம் வளிமண்டல அழுத்தத்தை ஒட்டி, நான்கு அணு மூலக்கூறுகளாக இருந்தது சட்டென்று வலையாக இணைந்த திரவமாகிறது. மாற்றம் நடக்கிறது என்பதில் சந்தேகமில்லை. முதலில் இருந்ததைத் திரவம் என்று அழைப்பதா, அடர்ந்த பாய்மம் என்று அழைப்பதா என்பதில்தான் கருத்து வேற்றுமை.

தேர்வுக்கு இவ்வளவும் வேண்டியதில்லை. "திரவத்தில் நெடுந்தூர ஒழுங்கு இல்லை, அண்மை ஒழுங்கு உண்டு, அதைப் பிணைப்பின் திசையும் எண்ணிக்கையும் தீர்மானிக்கின்றன" என்று ஒரு வரி எழுதினால் எந்த ஆசிரியரும் தவறென்று அடிக்க மாட்டார். அவளுக்குப் பார்க்கவும் ஆசை என்றால் ஒரு வழி சொல்கிறேன். ஒரு தட்டையான தாம்பாளத்தில் கண்ணாடிக் கோலிகளை நெருக்கமாக நிரப்பி நன்றாகக் குலுக்கி, நேர் மேலிருந்து கைப்பேசியில் படம் எடுக்கட்டும். இரண்டு அளவுக் கோலிகளைக் கலக்க வேண்டும், இல்லாவிட்டால் தட்டையான இடத்தில் அவை தாமாகவே தேன்கூடுபோல் வரிசைக்கு வந்துவிடும். படத்தை அச்சிட்டு, நடுவில் இருக்கும் பத்துப் பதினைந்து கோலிகளிலிருந்து மற்றக் கோலிகளின் தூரத்தை அளவுகோலால் அளந்து, எந்தத் தூரத்தில் எத்தனை என்று வரைபடம் போடட்டும். முதலில் வெறுமை, ஓங்கிய ஒரு சிகரம், பள்ளம், தாழ்ந்த இன்னொரு சிகரம் என்று அந்தக் கோடு அவள் கையாலேயே வரும். அடுத்து, கோலிகளை இரண்டிரண்டாகப் பசை போட்டு ஒட்டி, உலர்ந்ததும் மறுபடி குலுக்கி அளக்கச் சொல்லுங்கள். முதல் சிகரத்தில் என்ன மாறியது, இரண்டாவதில் என்ன மாறியது என்று அவள் கண்டதை இங்கே எழுதினால், மேற்கொண்டு பேசலாம்.